புல்லட்டில் எதை மரபு என்கிறோம்?

ராயல் என்ஃபீல்டு புதிதாக எதைக் கொண்டுவந்தாலும் புல்லட்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். "இது புல்லட்டே இல்லை" என்பது ஒரு கட்சி. "காலத்துக்கு ஏற்ப மாறித்தானே ஆகணும்" என்பது மறு கட்சி. 2002-இல் தண்டர்பேர்டில் கியர் இடது காலுக்குப் போனபோதும் இதே பேச்சு. 2009-இல் கிளாசிக், எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் யூசிஇ எஞ்சினோடு வந்தபோதும் அதேதான். 2020-இல் மீட்டியாரில் அடுத்த தலைமுறையான ஜே சீரிஸ் எஞ்சின் வந்ததும் மறுபடி தொடங்கியது. கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். 2009-இல் "ஜப்பான் வண்டி மாதிரி ஆக்கிட்டாங்க" என்று பழிக்கப்பட்ட அதே யூசிஇ, ஜே சீரிஸ் வந்த பிறகு "கடைசி நிஜ புல்லட்" ஆகிவிட்டது.

சத்தம், கிக்கர், கியர் எந்தக் காலில் என்று நாம் சண்டை போடும் இடமே தவறு என்று நினைக்கிறேன். புல்லட்டுக்கு மரபு என்று இரண்டு உண்டு. ஒன்று, குறைந்த சுழற்சியிலேயே முழு இழுவையும் கொடுக்கும் அந்த எஞ்சின் குணம். இன்னொன்று, சொந்தக்காரரோ பக்கத்து ஊர் மெக்கானிக்கோ நாலு ஸ்பேனரை வைத்துத் திறந்து சரிசெய்ய முடிவது. முதலாவதை நிறுவனம் நன்றாகவே காப்பாற்றியிருக்கிறது. இரண்டாவது மெல்லக் கைவிட்டுப் போகிறது. அதைப் பற்றித்தான் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

பழமையின் அடையாளமாக நாம் பிடித்துக்கொண்டிருக்கும் புல்லட் தன் காலத்தில் புதுமையாக வந்த வண்டி. பெயர் 1932-லிருந்து இருக்கிறது. நாம் அறிந்த உருவம் 1940களின் கடைசியில் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்தது. பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் வைத்தார்கள். அப்போது ஓடிய பல வண்டிகளில் பின்புறம் வெறும் இரும்புச் சட்டம்தான். ஸ்பிரிங் எல்லாம் சீட்டுக்கு அடியில் மட்டும். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே ஆயிற்று. ஏறக்குறைய அதே நேரத்தில் ரெட்டிச்சில் பழைய 350 புல்லட்டை நிறுத்திவிட்டு, எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் புது வண்டிக்கு மாறிவிட்டார்கள். ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. தாய்வீடு கைவிட்ட வண்டியை நாற்பது, ஐம்பது ஆண்டுகள் விடாமல் செய்தது வடசென்னை. அதனால் "மரபு" என்று வரும்போது ரெட்டிச்சைவிடத் திருவொற்றியூருக்குத்தான் சொந்தம் அதிகம்.

அந்தப் பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) எஞ்சினை அறியாமல் இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள முடியாது. போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ, 346 சிசி. கம்ப்ரஷன், அதாவது கலவையை அழுத்தும் விகிதம், 6.5-க்கு 1 தான். மட்டமான பெட்ரோலிலும் தட்டாமல் ஓட அது போதும். கியர்பாக்ஸ் தனிக்கூடு, நாலு கியர், வலது காலில் ஒன்று மேலே மூன்று கீழே. இரண்டிலிருந்து நாலு வரை எந்தக் கியரில் இருந்தாலும் குதிகாலால் அழுத்தினால் நேராக நியூட்ரலுக்கு வரும் தனி லிவரும் உண்டு.

இந்த வண்டியை உதைக்கப் பலம் தேவையில்லை, முறைதான் தேவை. சாவியைப் போடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கை இழுங்கள். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஆம்பியர் மீட்டரைப் பாருங்கள். ஸ்பார்க்கைத் தீர்மானிக்கும் ஸ்விட்சான பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் கரண்டை இழுப்பதால் முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சிக்கு அருகே வந்துவிட்டது என்று அர்த்தம். காலிலும் இறுக்கம் தெரியும். இப்போது சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகாம்ப் லிவரைப் பிடித்து, உச்சியைச் சற்றே தாண்டும் அளவு மட்டும் கிக்கரை நகர்த்தி, லிவரை விட்டுவிடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராகக் கடைசிவரை மிதியுங்கள். குத்துவதுபோல் உதைக்கக் கூடாது. உச்சிக்கு முன்பே நின்று உதைத்தால் ஃப்ளைவீலுக்கு வேகம் ஏறுவதற்குள் ஸ்பார்க் விழுந்து பிஸ்டனைத் திருப்பித் தள்ளும். கணுக்காலைப் பதம் பார்க்கும் அந்தத் திருப்பு உதைக்குப் பாதிக்காரணம் இதுதான். மீதிப் பாதி பாயிண்ட் இடைவெளி.

பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.35-லிருந்து 0.40 மி.மீ. அதைவிட அகலமானால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னேறும், உதை திரும்பும். நாள்போக்கில் பாயிண்டின் குதிப்பகுதி தேய்ந்து இடைவெளி குறுகினால் டைமிங் பின்தங்கும். வண்டி சோம்பலாகும், சூடேறும், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் பெண்ட் பைப் நீலம் பாயும். "கார்புரேட்டர் சரியில்லை" என்று ஜெட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை எடுத்துப் பாயிண்டைப் பார்ப்பது நல்லது. பாயிண்ட் முகம் அடிக்கடி கருகிக் குழிவிழுந்தால் கண்டன்சரை மாற்றுங்கள்.

வால்வைத் தள்ளும் டாப்பெட்டை அட்ஜஸ்ட் செய்வது இன்னும் எளிது. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, பேரலின் (சிலிண்டர்) வலது பக்கத்து டாப்பெட் கவரைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடும் தெரியும். லாக் நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரைத் திருப்ப வேண்டும். ராடை இரு விரலால் சுழற்றினால் தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி சுழற்றிப் பாருங்கள், இறுக்கும்போது பெரும்பாலும் மாறிவிடும். ராடு இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இருக்கை வழியாகத்தான் இறக்குகிறது. உட்காராத வால்வு கருகிவிடும். டீகாம்ப் கேபிளில் கொஞ்சம் தளர்வு இல்லாவிட்டாலும் இதே கதிதான்.

இந்த எஞ்சினில் அதிகம் பேர் தவறு செய்வது ஆயிலில். ஆயில் டேங்க், எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸோடு சேர்ந்தே இருக்கிறது. பம்ப் அங்கிருந்து எடுத்து, திரும்ப அங்கேயே கொட்டுகிறது. வண்டி இரண்டு வாரம் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அப்போது டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் குறைவாகக் காட்டும். அதை நம்பி அரை லிட்டர் ஊற்றினால், கிளப்பியதும் கூடுதல் ஆயில் பிரீதர் (காற்றுப்போக்கிக் குழாய்) வழியே வெளியேறும், வெள்ளைப் புகை கக்கும். "பிஸ்டன் ரிங் போச்சு" என்று பேரலைக் கடையக் கொண்டுபோகும் வண்டிகளில் சிலவற்றுக்கு நோய் இவ்வளவுதான். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு அளவு பாருங்கள்.

இவ்வளவு அருமையான வண்டியை ஏன் விட்டார்கள்? விட்டே ஆக வேண்டியிருந்தது. சூடேறினால் அலுமினியம், வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். வார்ப்பிரும்புப் பேரலுக்குள் அலுமினிய பிஸ்டன் ஓடினால், சூட்டில் இறுகாமல் இருக்கப் பெரிய இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளி வழியே குளிர்ந்த எஞ்சின் தட்டும், ஆயில் மேலேறி எரியும். வார்ப்பிரும்பு சூட்டை மெதுவாகத்தான் கடத்துவதால் நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் முறுக்கினால் பிஸ்டன் பிடித்துவிடும். எரியும் ஆயிலோடு புகை விதிகளைக் கடக்க வழியே இல்லை. ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து அலுமினியப் பேரல் எஞ்சினைச் செய்தார்கள். அடுத்து வந்த யூசிஇ-யில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூடாகின. 2010 வாக்கில் காஸ்ட் அயர்ன் நின்றது. அலுமினியப் பேரல் சூட்டில் அதிகம் நீளும் என்பதால் டாப்பெட் இடைவெளியும் மாறும். அதை ஈடுகட்டத்தான் யூசிஇ-யில் ஹைட்ராலிக் டாப்பெட். கையால் அட்ஜஸ்ட் செய்யும் வேலை போனது. பதிலுக்கு, ஆயில் அளவும் தரமும் குறைந்தால் டாப்பெட் சத்தம் போடும்.

இப்போது எண்களைப் பாருங்கள். யூசிஇ 350 பழைய அளவையே வைத்துக்கொண்டது: 70க்கு 90. 19.8 பிஎச்பி 5,250 சுழற்சியில், 28 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை) 4,000-இல். ஜே சீரிஸ் 72க்கு 85.8, 349 சிசி. 20.2 பிஎச்பி 6,100-இல், 27 நியூட்டன் மீட்டர் அதே 4,000-இல். புஷ் ராட் போய் மேலே கேம் வந்தது, கம்ப்ரஷன் 8.5-லிருந்து 9.5 ஆனது, அதிர்வைக் கொல்ல பேலன்சர் ஷாஃப்ட் வந்தது. இவ்வளவு மாற்றத்துக்குப் பிறகும் டார்க் உச்சம் ஒரு சுழற்சிகூட நகரவில்லை. இந்த அளவு எஞ்சினில் 30 பிஎச்பி எடுப்பது இன்று எவருக்கும் கஷ்டமில்லை, வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போரைவிட நீண்ட ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல், இரண்டே வால்வு. நாலாவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டு ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் ஏறுவதுதான் புல்லட் என்றால், ஜே சீரிஸ் புல்லட்தான். பேலன்சர் வந்ததில் குணம் போய்விட்டது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எண்பதைத் தாண்டினால் சைலன்சர் கிளாம்ப் போல்ட்டும் நம்பர் பிளேட்டும் கழன்று விழுவதும், ஹெட்லைட் பல்பின் இழை அறுவதும் குணமல்ல.

சத்தத்துக்கு வருவோம். ஒற்றைச் சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். 900 சுழற்சியில் ஐடிலிங் என்றால் நொடிக்கு ஏழரை வெடிப்பு. காதால் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கக்கூடிய வேகம் அது. அதனால்தான் "டுக் டுக்" என்று கேட்கிறது. ஐடிலிங்கை அவ்வளவு கீழே வைக்கக் கனமான ஃப்ளைவீல் வேண்டும். புகை விதிகளுக்காக ஐடிலிங் கொஞ்சம் உயர்ந்ததும், வெடிப்புகள் நெருங்கி, தனித்தனியாகக் கேட்பது குறைந்தது. சைலன்சரை மாற்றினால் சத்தம் கூடும், ஆனால் அந்த இடைவெளி திரும்பி வராது. 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு நம் நாட்டில் வரம்பு 80 டெசிபல். உள்ளே தடுப்பு இல்லாத சைலன்சரைப் போட்டால் அதைத் தாண்டுவது மட்டுமில்லை. பின்னழுத்தம் மாறி கார்புரேட்டர் வண்டிகளில் கலவையில் பெட்ரோல் குறைந்துபோகும், ஆக்சிலேட்டரை விட்டதும் படபடவென வெடிக்கும், ஹெட் சூடேறும். அந்தப் படபடப்பைத்தான் பலர் ரசிக்கிறார்கள் என்பது வருத்தமாக இருக்கிறது. பழைய புல்லட்டின் ஒரிஜினல் சைலன்சரைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது ஆழமான சத்தம். தெருவையே எழுப்பும் சத்தமல்ல.

கியர் எந்தக் காலில் என்ற விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் இரண்டு வண்டி இருந்து, ஒன்றில் வலது கால் பிரேக்கும் மற்றதில் வலது கால் கியருமாக இருந்தால், குறுக்கே மாடு வரும் அந்த நொடியில் கால் பழகிய பக்கம்தான் போகும். இடப்பக்கம் மாற்றியது சரி.

கிக்கரை எடுத்ததில் மட்டும் "இது புல்லட்டே இல்லை" கட்சியின் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. கிக்கர் அழகுக்கு வேண்டாம். பேட்டரி செத்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. யூசிஇ-யில் 14 ஆம்பியர் அவர் பேட்டரியும் கிக்கரும் இருந்தன. ஜே சீரிஸில் 8 ஆம்பியர் அவர் பேட்டரி, கிக்கர் இல்லை. கார்புரேட்டர் வண்டியைத் தள்ளிக் கிளப்ப, பிளக்குக்குப் போகும் கொஞ்சம் கரண்ட் போதும். பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் எஃப்ஐ வண்டியில் பெட்ரோல் பம்ப், இஞ்செக்டர், அவற்றை ஆளும் கணினியான இசியூ மூன்றும் விழித்தாக வேண்டும். பேட்டரி அடியோடு காலியானால் எவ்வளவு தள்ளினாலும் கிளம்பாது. எனவே மாதம் ஒருமுறை மல்டிமீட்டர் வையுங்கள். நிறுத்தி சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் போட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் வர வேண்டும். வராவிட்டால் பேட்டரியைக் குறைசொல்லாமல் ரெகுலேட்டரையும் ஸ்டேட்டரையும் பாருங்கள். யூசிஇ வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. பேட்டரி சோர்ந்திருக்கும்போது செல்ஃபை மறுபடி மறுபடி அமுக்காதீர்கள். மோட்டார் உச்சியைத் தாண்டத் திணறும்போது எஞ்சின் திருப்பி உதைக்கும். அந்த அடியை வாங்குவது, செல்ஃப் மோட்டாரை எஞ்சினோடு இணைக்கும் ஸ்பிராக் கிளட்ச். அது நொறுங்கினால் செலவு ஒரு புதுப் பேட்டரியைவிட அதிகம். கிக்கர் இருக்கிறதே, மிதியுங்கள்.

எரிபொருள் பக்கம் பழைய வண்டிக்கு இப்போது நிஜமான ஆபத்து இருக்கிறது. விவாதங்களில் இதற்குக் கிடைக்கும் கவனம் போதாது. சாதாரணப் பெட்ரோல் ஒரு கிராம் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் ஏறத்தாழ 13.5 போதும். எஃப்ஐ வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. பழைய ஜெட்டில் அதே அளவு ஊற்றிக்கொண்டிருக்கும், கலவை மெலியும், எஞ்சின் ஹெட் சூடாகும். காஸ்ட் அயர்ன் வண்டிக்குச் சூடுதான் முதல் எதிரி. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிக்கொட்டை நிறமாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டுங்கள், பைலட் ஸ்க்ரூவைத் திருத்துங்கள். பழைய ரப்பர் பெட்ரோல் டியூபையும் டேப்புக்குள் இருக்கும் கார்க்கையும் எத்தனாலைத் தாங்குவதாக மாற்றுங்கள், இல்லையென்றால் ஊறி உதிர்ந்து ஜெட்டை அடைக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். சென்னை போன்ற கடலோர ஊரில் டேங்கின் அடியில் துரு பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

நான் முதலில் சொன்ன இரண்டாவது மரபுக்கு வருகிறேன். பழைய புல்லட் ஐம்பது ஆண்டு ஓடியது உலோகத்தின் உறுதியால் மட்டுமல்ல. ஒரே எஞ்சினை மாறாமல் செய்ததால் ஊருக்கு ஊர் அதை அறிந்த கைகள் உருவாயின; பாகங்கள் எங்கும் கிடைத்தன. கிராமத்து மெக்கானிக்குக் காதால் கேட்டே பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் மூட்டு) எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்தது. இப்போது வண்டி நின்றால் மஞ்சள் விளக்கு எரிகிறது. அது என்ன சொல்கிறது என்று படிக்கக் கருவி வேண்டும். விளக்கு எரிவதைக் குறை சொல்லவில்லை. பாயிண்ட் இடைவெளி மாறியதை எந்த விளக்கும் சொல்லாமல் ஆயிரக்கணக்கானோர் அல்லாடிய வண்டிதானே பழைய புல்லட். ஆனால் அந்த விளக்கின் பிழைக் குறியீட்டை (எரர் கோட்) வாங்கிப் படிப்பதும், சென்சாரின் அளவுகளைப் பார்ப்பதும், முழு ஒர்க்‌ஷாப் மேனுவலை வைத்திருப்பதும் ஷோரூமுக்கு வெளியே இருப்பவருக்கும் எளிதாக வேண்டும். மரபு வேண்டும் என்று குரல் கொடுப்பவர்கள் கேட்க வேண்டியது இதை. டேங்கில் கையால் இழுக்கும் தங்க நிறக் கோடுகளை விற்பனைப் பிரிவே காப்பாற்றிக்கொள்ளும், அது அவர்களுக்கும் லாபம். ஸ்பேனர் பிடிக்கும் உரிமையை நாம் கேட்காவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

2023-இல் வந்த ஹிமாலயன் 450-இல் நீர்க்குளிர்ச்சி, 84க்கு 81.5, அதாவது ஸ்ட்ரோக்கைவிடப் போர் பெரிது, 8,000 சுழற்சியில் சுமார் 40 பிஎச்பி. புல்லட்டின் வழிக்கு நேர் எதிர்த்திசை. ஆனால் அதை புல்லட் என்று விற்கவில்லை, அதனால் எனக்கு அதில் புகார் இல்லை. மின்சார வண்டிக்கும் அப்படியே. 2024-இல் காட்டியதற்கு ஃப்ளையிங் ஃப்ளீ என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் இறக்கிய 125 சிசி டூ ஸ்ட்ரோக்கின் பெயர் அது. இலகுவான வண்டிக்கு இலகுவான வண்டியின் பெயர்.

கையில் காஸ்ட் அயர்ன் புல்லட் வைத்துக்கொண்டு எதை மாற்றலாம், எதை விடலாம் என்று யோசிப்பவர்களுக்கு என் கருத்து இது. எஞ்சினைப் பிரிக்கும் நேரம் வந்தால், பிக் எண்டில் உள்ள மிதக்கும் புஷ்ஷுக்கு (உலோக வளையம்) பதிலாக ரோலர் பேரிங் போடுங்கள்; ஆயில் படலம் ஒரு கணம் அறுந்தாலும் தாங்கும். கிராங்குக்கு ஆயில் போகும் வழியில் உள்ள சீலை மட்டும் மறக்காமல் புதிதாகப் போடுங்கள், அது இல்லாமல் எந்த பேரிங்கும் நிலைக்காது. முன்பக்கம் டிரம் பிரேக்கை வைத்திருக்க விரும்பினால் லைனிங்கைப் புதிதாக ஒட்டி, டிரம்மின் வட்டத்துக்கு ஏற்பக் கடைந்து, இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொடும்படி இணைப்புக் கம்பியைச் சரிசெய்யுங்கள். ஷூ பாதி மட்டும் தொடும் டிரம்மைவிட மோசமான பிரேக் இல்லை. பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம், ஆனால் கழற்றிய பிளேட்டை டூல் பாக்ஸில் வையுங்கள், இருபது நிமிடத்தில் திரும்பப் போட்டு வீடு வரலாம். வலது கால் கியரை மாற்றாதீர்கள். லிங்கேஜ் வைத்து இடப்பக்கம் கொண்டுவரும் கிட்டுகளில் மூட்டுகள் தேய்ந்து, நியூட்ரலே சிக்காமல் போகும். அலுமினியப் பேரல் போடுவதாக இருந்தால், குளிரில் ஆட்டமே இல்லாமல் வைத்த டாப்பெட் சூட்டில் தட்டத்தான் செய்யும் என்று அறிந்தே போடுங்கள். காஸ்ட் அயர்னையே வைத்திருந்தால், கிளப்பிய முதல் மூன்று கிலோமீட்டர் நாற்பதைத் தாண்டாதீர்கள்.